கையில் தகுதிச் சான்று, கப்பல் எங்கே?

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புதுதில்லி: உலக வணிகக் கப்பல்களுக்கு அதிகாரிகள் போதவில்லை என்கின்றனர் கப்பல் உரிமையாளர்கள். அதிகாரியாகப் பணியாற்றுவதற்கான தகுதிச் சான்றைப் பெற்ற இந்திய இளைஞர்களோ, முதல் கப்பலுக்காக மும்பையிலும் சென்னையிலும் மாதக்கணக்கில் காத்திருக்கின்றனர். இரண்டும் உண்மை. ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இவ்விரு நிலைகளுக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பற்றி நாடாளுமன்றத்தில் அதிகம் பேசப்படுவதில்லை.

பிம்கோ, சர்வதேசக் கப்பல் போக்குவரத்துச் சபை ஆகிய இரு அமைப்புகள் 2021-ல் வெளியிட்ட மாலுமிகள் குறித்த அறிக்கை, அப்போதே உலகில் 26,240 அதிகாரிகளுக்குப் பற்றாக்குறை இருப்பதாகக் கூறியது. 2026-க்குள் மேலும் 89,510 அதிகாரிகள் தேவைப்படுவர் என்றும் அது கணித்தது. அதே ஆண்டில் பிரதமர் வெளியிட்ட "கடல்சார் இந்தியா தொலைநோக்கு 2030' ஆவணம், உலக மாலுமிகளில் இந்தியரின் பங்கை 20 சதவீதமாக உயர்த்துவதை இலக்காக வைத்தது. பணியில் உள்ள இந்திய மாலுமிகளின் எண்ணிக்கை 2014-ல் சுமார் 1.17 லட்சமாக இருந்தது, 2023-ல் 2.8 லட்சமாக உயர்ந்தது என்று மத்திய அரசு பெருமையுடன் தெரிவித்தது.

பெருமைப்பட வேண்டிய வளர்ச்சிதான். ஆனால், 30 ஆண்டுகள் கடலில் கழித்த கேப்டனும், சமையற்கூடத்தில் பணிபுரிபவரும், நேற்று ஏறிய பயிற்சியாளரும் இக்கணக்கில் ஆளுக்கு ஒன்று. தேர்வில் வென்று அதிகாரிக்கான சான்றைப் பெற்ற ஓர் இளைஞருக்கு முதல் பணி கிடைக்க எத்தனை மாதங்கள் ஆயின என்பதை இந்த மொத்த எண்ணிக்கை சொல்லாது. பிள்ளையைக் கடலுக்கு அனுப்பக் கடன் வாங்கிய பெற்றோர் அறிய விரும்புவது அதைத்தான்.

சான்று வரும் வழி: பிளஸ் 2 வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்த மாணவர் பொது நுழைவுத் தேர்வு எழுதி, நாட்டிகல் சயன்ஸ் ஓராண்டுப் பட்டயப் படிப்பிலோ, மூன்றாண்டுப் பட்டப் படிப்பிலோ சேர்கிறார். பட்டயம் பெற்றவர் 18 மாதங்களும், பட்டம் பெற்றவர் 12 மாதங்களும் "கேடட்' எனப்படும் பயிற்சியாளராகக் கப்பலில் பணியாற்ற வேண்டும். அதன் பிறகு எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு. வென்றவருக்குக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் "செகண்ட் மேட்' தகுதிச் சான்றை வழங்குகிறது. இதைக் கொண்டு அவர் மூன்றாம் அதிகாரியாகப் பணியில் சேரலாம். இயந்திரப் பிரிவில் நான்காண்டு மரைன் என்ஜினியரிங் படிப்பும் ஆறு மாதக் கடல் பணியும் முடித்தவர், தேர்வு எழுதி நான்காம் வகுப்புச் சான்றைப் பெறுகிறார்.

ஆக, சான்றைத் தருவது இந்திய அரசு. பணியைத் தருவது, பெரும்பாலும் வேறொரு நாட்டுக் கொடியுடன் செல்லும் கப்பலின் உரிமையாளர். அரசின் பொறுப்பு முடியும் இடத்துக்கும் உரிமையாளரின் தேவை தொடங்கும் இடத்துக்கும் நடுவே புதிய அதிகாரி நிற்கிறார்.

மூன்றாம் அதிகாரியின் வேலை என்ன என்பதை அறிந்தால்தான் உரிமையாளரின் தயக்கம் விளங்கும். நடுக்கடலில் கப்பலைச் செலுத்தும் கண்காணிப்புப் பணி நான்கு நான்கு மணி நேரமாகப் பிரிக்கப்பட்டுள்ளது. காலை 8 முதல் 12 வரை, இரவு 8 முதல் 12 வரை என்பது வழக்கமாக மூன்றாம் அதிகாரியின் நேரம். கேப்டன் பெரும்பாலும் விழித்திருக்கும் நேரம் என்பதால் அது இளையவருக்கு ஒதுக்கப்பட்டது. இருந்தாலும் அந்த நான்கு மணி நேரம் கப்பலும் சரக்கும் சக மாலுமிகளின் உயிரும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இளைஞரின் பொறுப்பில் இருக்கின்றன. உயிர்காப்புப் படகுகளையும் தீயணைப்புக் கருவிகளையும் பராமரிப்பதும் அவரே. அனுபவமற்றவர் வந்தால் முதல் சில வாரங்களுக்குக் கேப்டனுக்கு உறக்கம் இல்லை என்பது கப்பல் வட்டாரங்களில் சாதாரணமாகச் சொல்லப்படுவது.

முட்டுச்சந்து: எனவே நிறுவனங்கள் முதலில் தங்களிடம் கேடட்டாக இருந்தவர்களையே மூன்றாம் அதிகாரியாக உயர்த்துகின்றன. இது நியாயமான முறை, குறை சொல்வதற்கில்லை. சிக்கல் மற்றவர்களுக்குத்தான். பயிற்சி அளித்த நிறுவனம் கப்பல்களை விற்றிருக்கலாம், நிர்வாகம் கைமாறியிருக்கலாம், ஒன்றிரண்டு கப்பல்களே உள்ள சிறு நிறுவனமாக இருக்கலாம். அப்படிப்பட்ட இளைஞர் வெளிச்சந்தைக்கு வருகிறார். அங்கு அவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "இந்தப் பதவியில் எத்தனை மாத அனுபவம்?' என்பது. பணி கிடைத்தால்தானே அனுபவம்? அனுபவம் இருந்தால்தான் பணி.

எண்ணெய்க் கப்பல்களில் இது இன்னும் இறுக்கமானது. சரக்கை அனுப்பும் பெரிய எண்ணெய் நிறுவனங்கள், கப்பலை வாடகைக்கு எடுக்கும் முன் அதன் அதிகாரிகளின் அனுபவத்தை ஓர் அட்டவணையாகக் கேட்டுப் பெறுகின்றன. பதவியில் எத்தனை ஆண்டு, இதே வகைக் கப்பலில் எத்தனை ஆண்டு, இதே நிறுவனத்தில் எத்தனை ஆண்டு என்றெல்லாம் கூட்டிப் பார்க்கப்படுகிறது. அந்த அட்டவணையில் புதியவர் ஒரு பூஜ்யம். கூட்டுத்தொகை குறைந்தால் கப்பலுக்கு வாடகை கிடைப்பதே சந்தேகம்.

இதற்குமேல் ஒரு சட்டத் தடையும் உண்டு. எண்ணெய், ரசாயனம், எரிவாயு ஆகியவற்றை ஏற்றும் கப்பல்களில் சரக்குக்கு நேரடிப் பொறுப்பு வகிக்கும் அதிகாரிக்கு உயர்நிலைத் தனித்தகுதி தேவை. அதைப் பெற, அடிப்படைப் பயிற்சியுடன் அதே வகைக் கப்பலில் குறைந்தது மூன்று மாதக் கடல் பணி வேண்டும். அல்லது கூடுதல் ஆளாகச் சென்று ஒரு மாதத்தில் மூன்று முறை சரக்கு ஏற்றுவதிலும் மூன்று முறை இறக்குவதிலும் பங்கேற்றிருக்க வேண்டும். மாலுமிகளின் பயிற்சித் தரம் குறித்த சர்வதேச உடன்படிக்கையின் விதி இது. பாதுகாப்பைக் கருதினால் தேவையான விதி. ஆனால், பயிற்சிக் காலம் முழுவதையும் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் ஏற்றும் கப்பலில் கழித்த கேடட், சான்று பெறும் நாளில் எண்ணெய்க் கப்பல் சந்தைக்கு ஏறக்குறைய வெளியாள் ஆகிவிடுகிறார். எந்தக் கப்பலுக்கு அனுப்பப்படுவோம் என்பதை 18 வயதில் அவர் தேர்வு செய்யவில்லை.

முன்பு கப்பல்களில் நான்காம் அதிகாரி, ஐந்தாம் பொறியாளர் போன்ற இளநிலைப் பதவிகள் பரவலாக இருந்தன. சான்று பெற்றவர் ஓரிரு பயணங்கள் அப்பதவியில் பழகிக்கொண்டு முழுப் பொறுப்புக்கு உயர்வார். ஒரு கப்பலில் குறைந்தபட்சம் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதை அதன் கொடி நாடு நிர்ணயிக்கிறது. அந்த எண்ணிக்கைக்கு மேல் ஒருவரை ஏற்றினால் ஊதியம், உணவு, விமானக் கட்டணம், காப்பீடு எல்லாம் கூடுதல் செலவு. சரக்குக் கட்டணம் சரியும் காலங்களில் முதலில் மறையும் பதவி எது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

2008 தரும் பாடம்: சரக்குக் கட்டணச் சரிவின் வேகத்துக்கு 2008-ஐ விடச் சிறந்த உதாரணம் கிடையாது. மொத்தச் சரக்குக் கப்பல்களின் வாடகையைக் காட்டும் பால்டிக் குறியீட்டெண் அவ்வாண்டு மே 20-ம் தேதி 11,793 புள்ளிகளைத் தொட்டது. டிசம்பர் 5-ம் தேதி 663 புள்ளிகளுக்கு வீழ்ந்தது. இடைப்பட்ட நவம்பர் 14-ம் தேதியன்று, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் உதயமானது. கப்பல் துறை அப்போது டி.ஆர். பாலுவிடம் இருந்தது, 2009 முதல் 2014 வரை ஜி.கே. வாசனிடம் இருந்தது.

பல்கலைக்கழகம் அமைந்ததில் தவறில்லை. நாட்டுக்கு அது தேவையாகவே இருந்தது. ஆனால், ஏற்றக் காலத்தின் உற்சாகத்தில் தனியார் பயிற்சி நிறுவனங்கள் சேர்த்த மாணவர்கள் படித்து வெளியே வந்தபோது சந்தை படுத்துக் கிடந்தது. கேடட்டாக ஏறவே கப்பல் கிடைக்காமல் பலர் வேறு வேலைகளுக்குச் சென்றனர். கடல்சார் படிப்பின் தன்மையே இதுதான்: சேரும் ஆண்டின் சந்தையைப் பார்த்து மாணவர் சேர்கிறார், மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்து வேறொரு சந்தைக்கு வந்து சேர்கிறார். அடுத்து 2020-ல் கரோனா பெருந்தொற்றின்போது சுமார் 4 லட்சம் மாலுமிகள் ஒப்பந்தம் முடிந்தும் இறங்க வழியின்றிக் கப்பல்களிலேயே சிக்கிக்கொண்டனர். அவர்கள் இறங்காததால் கரையில் இருந்தவர்கள் ஏற முடியவில்லை.

காத்திருப்பது மட்டும்தான் துன்பம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். சான்றுக்கும் ஆயுள் உண்டு. ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் 12 மாதங்களோ, முந்தைய ஆறு மாதங்களில் மூன்று மாதங்களோ கடலில் பணியாற்றியிருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. இல்லையேல் தேர்வு, பயிற்சி, கூடுதல் ஆளாகச் செல்லுதல் என்று மீண்டும் செலவு. பணி கிடைக்காததால் பழுதாகும் சான்று, பணி தேடுவதையும் கடினமாக்குகிறது. இதற்கிடையே சிலர் மீண்டும் பயிற்சியாளராகவே ஏறுகின்றனர். சிலர் எண்ணெய்க் கிணறுகளுக்குச் சேவை செய்யும் சிறு கப்பல்களுக்கும் தூர்வாரும் கப்பல்களுக்கும் போகின்றனர். அங்கு சம்பாதிக்கலாம், ஆனால் அந்த அனுபவத்தை நெடுங்கடல் நிறுவனங்கள் அதே மதிப்புடன் ஏற்பதில்லை.

முகவர்களின் சந்தை: தவிப்பு இருக்கும் இடத்தில் தரகர் இருப்பார். முதல் பணிக்குச் சில லட்சம் ரூபாய் கேட்கும் முகவர்களைப் பற்றி அறியாத கேடட் இல்லை எனலாம். "ஆவணச் செலவு', "பயிற்சிக் கட்டணம்' என்று அதற்குப் பெயர்கள் பல. பெயர் எதுவாயினும் அது சட்டவிரோதம். 2006-ம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015 அக்டோபரில் ஏற்றது. பணி தேடித் தருவதற்காக மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று அது திட்டவட்டமாகக் கூறுகிறது. மருத்துவச் சான்று, மாலுமிக்கான சி.டி.சி. புத்தகம், பாஸ்போர்ட் போன்றவற்றின் செலவு மட்டுமே மாலுமியுடையது. விசா செலவுகூடக் கப்பல் உரிமையாளரையே சேரும். 2005-ல் வந்து 2016-ல் புதுப்பிக்கப்பட்ட இந்திய விதிகளின்படி, ஆள் சேர்க்கும் நிறுவனம் வங்கி உத்தரவாதம் அளித்து இயக்குநரகத்திடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இயக்குநரகத்தின் இணையதளத்தில் உள்ளது.

விதி தெளிவாக இருந்தும் புகார்கள் வருவது குறைவு. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. பணம் கொடுத்துக் கப்பல் ஏறியவர் புகார் செய்தால் அந்தப் பணி போய்விடும், அடுத்த நிறுவனம் "வம்புக்காரர்' என்று ஒதுக்கும் என அஞ்சுகிறார். பணம் கொடுத்து ஏமாந்தவரிடம் ரசீது இருப்பதில்லை. உரிமமே இல்லாத முகவரின் உரிமத்தை யார் ரத்து செய்வது?

இவர்கள் ஏற்றிவிடும் கப்பல் எப்படிப்பட்டது என்பதுதான் பெரிய ஆபத்து. ஊதியமும் உணவும் ஊர் திரும்பும் செலவும் தராமல் கப்பலையே கைவிட்டு ஓடும் உரிமையாளர்கள் உலகில் பெருகிவருகின்றனர். சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் கணக்குப்படி 2024-ல் 312 கப்பல்களில் 3,133 மாலுமிகள் இவ்வாறு கைவிடப்பட்டனர். நாடு வாரியாகப் பார்த்தால் அதில் முதலிடம் இந்தியர்களுக்கு, 899 பேர். அத்தனை பேரும் புதியவர்கள் அல்லர். ஆனால், எந்தக் கப்பலாயினும் சரி, கடல் பணிக்காலம் சேர்ந்தால் போதும் என்ற நிலைக்குத் தள்ளப்பட்டவர் கப்பலின் வயதையும் கொடியையும் உரிமையாளரின் பெயரையும் விசாரித்துக்கொண்டிருக்கமாட்டார். விசாரிக்க வேண்டும் என்று பெற்றோராவது வற்புறுத்துவது நல்லது.

கொடியும் பயிற்சி இடமும்: அரசு ஒன்றும் செய்யவில்லை என்று கூற முடியாது. இந்தியாவின் ஏற்றுமதி, இறக்குமதிச் சரக்கில் இந்தியக் கப்பல்கள் சுமந்த பங்கு 1987-88-ல் 40.7 சதவீதமாக இருந்தது. 2018-19-ல் சுமார் 7.8 சதவீதமாகச் சுருங்கியது. இந்தியக் கொடியுடைய கப்பலில் இந்திய மாலுமிகளையே அமர்த்த வேண்டும் என்பதால், கொடி சுருங்கும்போது இளைஞர்களுக்கான இடமும் சுருங்குகிறது. இதை மாற்ற, ஐந்தாண்டுகளில் ரூ. 1,624 கோடி மானியம் தரும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2021 ஜூலையில் ஒப்புதல் அளித்தது. இந்தியக் கப்பல்கள் பெருகினால் கேடட்களுக்குப் பயிற்சி இடங்கள் கிடைக்கும் என்று அப்போதைய அரசு அறிவிப்பே குறிப்பிட்டது. நோயின் வேர் எங்குள்ளது என்பது அமைச்சகத்துக்குத் தெரியும் என்பதற்கு இதுவே சான்று.

அதற்கு முன்பே, 2004-ல் டன்னேஜ் வரி அறிமுகமானபோது, சலுகை பெறும் நிறுவனம் குறிப்பிட்ட அளவு பயிற்சி அளிக்க வேண்டும் என்ற நிபந்தனை சட்டத்திலேயே சேர்க்கப்பட்டது. நல்ல நிபந்தனை. ஆனால் அது இந்திய வரி வரம்புக்குள் வரும் நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்தும். இந்திய அதிகாரிகளில் பெரும்பாலோரைப் பணிக்கு அமர்த்தும் வெளிநாட்டு உரிமையாளர்களுக்கு அது எட்டாது. அவர்களுக்கு விளைந்த பயிர் வேண்டும். நாற்றங்காலுக்குச் செலவிட மனம் வருவதில்லை.

1958-ம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றான வணிகக் கப்பல் போக்குவரத்து மசோதா 2025 ஆகஸ்ட் 6-ம் தேதி மக்களவையிலும், 11-ம் தேதி மாநிலங்களவையிலும் நிறைவேறியது. முழுமையாக இந்தியர்க்கு உரிமையில்லாத கப்பல்களும், வாடகை-கொள்முதல் முறையில் எடுக்கப்படும் கப்பல்களும் இந்தியக் கொடியைப் பெற இது வழிவகுக்கிறது. கடல்சார் கல்வியையும் பயிற்சியையும் முறைப்படுத்தும் அதிகாரமும் இதில் உண்டு. அறுபத்தேழு ஆண்டுகாலச் சட்டத்தை மாற்றும் மசோதாவுக்கு மக்களவையில் கிடைத்தது, பிகார் வாக்காளர் பட்டியல் விவகாரம் தொடர்பான அமளிக்கு நடுவே நடந்த சுருக்கமான விவாதம். பயிற்சி இடங்களைப் பற்றியும் முதல் பணியைப் பற்றியும் ஓர் உறுப்பினராவது விரிவாகப் பேசக்கூடிய நாள் அது. பொதுவாகவே நமது உறுப்பினர்கள் கப்பல் துறையைத் தொட்டால் துறைமுகம், சேதுசமுத்திரத் திட்டம் என்று போவார்களே தவிர, வணிகக் கப்பல் மாலுமிகளிடம் வருவதில்லை.

அடுத்த மாதமே, கப்பல் கட்டும் தொழிலுக்கும் கடல்சார் துறைக்குமாக ரூ. 69,725 கோடித் திட்டத்தை அமைச்சரவை ஏற்றது. இதில் பயன் விளையும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கப்பலைக் கட்டி மிதக்க விட ஆண்டுகள் ஆகும். கையில் உள்ள சான்றுக்கோ ஐந்தாண்டுதான் ஆயுள்.

கணக்கு இருக்கிறது: செலவில்லாமல் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இந்திய மாலுமி ஒவ்வொருவருக்கும் இன்டாஸ் எனப்படும் தனி எண் உள்ளது. அவர் எந்த நிறுவனத்தில் படித்தார், எந்த நாளில் சான்று பெற்றார் என்பது இயக்குநரகத்தின் பதிவில் இருக்கிறது. உரிமம் பெற்ற ஆள் சேர்ப்பு நிறுவனங்கள் தாங்கள் கப்பலேற்றும் மாலுமிகளின் விவரத்தையும் அங்கேயே பதிவு செய்கின்றன. சான்று பெற்ற நாளுக்கும் அதிகாரியாக முதன்முதலில் கப்பலேறிய நாளுக்கும் இடைப்பட்ட மாதங்களை இவற்றிலிருந்தே கணக்கிடலாம்.

அதைப் பயிற்சி நிறுவனம் வாரியாக, ஆண்டு வாரியாக வெளியிட்டால், எங்கு சேர்ந்தவர்கள் கப்பலேறுகின்றனர், எங்கு சேர்ந்தவர்கள் கரையில் நிற்கின்றனர் என்பது நுழைவுத் தேர்வுக்கு முன்பே பெற்றோருக்குத் தெரிந்துவிடும். "100 சதவீத வேலைவாய்ப்பு' என்ற விளம்பரங்களின் உண்மையும் வெளிப்படும். பயிற்சி இடங்களை நிர்ணயிக்கும்போது அரசுக்கும் ஓர் அளவுகோல் கிடைக்கும். பயிற்சி நிறுவனங்கள் சில இதை விரும்பமாட்டா என்பது வேறு விஷயம்.

இந்த விவரத்தைக் கேட்டுப் பெறப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. மக்களவையில் கேள்வி எழுப்ப ஓர் உறுப்பினர் தர வேண்டிய முன்னறிவிப்பு 15 நாள்கள்.